பஞ்சு அடைத்த மெஷின்

சாமான்களுக்கு வாய் இருந்த காலத்தில், ஒரு பனியன் கம்பெனிக்குப் புதுசாக ஒரு பின்னல் மெஷின் வந்ததாம். அதற்கு ஒரே துணை, பக்கத்தில் கிடந்த மர முக்காலி.

ஊசி வளைந்தால் மெஷின் "கீ... கீ..." என்று கத்தும். அது ஏன் கத்துகிறது என்று ஓட்டுகிற பேச்சியம்மாளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சத்தம் தாங்காமல் ஒருநாள் அதன் வாயில் பஞ்சை அடைத்துவிட்டாள். அன்றிலிருந்து துணியெல்லாம் ஓட்டை.

"இது தேறாது, எடைக்குப் போட்டுடலாம்" என்றார் முதலாளி.

மெஷின் அழுதது. முக்காலி சொன்னது: "உனக்கு வாய் இருக்கு, அவளுக்குக் காது இருக்கு. நடுவுலதான்டா பஞ்சு."

எடைக்குப் போடவும் முதலாளிக்கு மனசு வரவில்லை. முனகிக்கொண்டே சம்பளமும் பஸ் காசும் கொடுத்து, மெஷின் செய்கிற ஊருக்குப் பேச்சியம்மாளை வேலை பழக அனுப்பினார்.

"அவளும் போயிட்டா" என்று பஞ்சுக்குள்ளிருந்தே முணுமுணுத்தது மெஷின்.

"சோத்துத் தூக்கை என் மேலதான் வெச்சிருக்கா. வராம இருப்பாளா?" என்றது முக்காலி.

வந்தாள். முதல் வேலையாகக் கொண்டை ஊசியால் பஞ்சைத் தோண்டி எடுத்தாள். மெஷின் "கீ" என்றது. முதலாளி ஓடிவந்தார்.

"மறுபடியும் கத்துதா?"

"கத்தலைங்கய்யா, கூப்பிடுது" என்று வளைந்த ஊசியை மாற்றினாள். துணி பாலாடை மாதிரி இறங்கியது.

சாயந்தரம் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பின்னால் சின்னதாக ஒரு "கீ". வாசலில் நின்று காதைக் கொடுத்தாள்.

"இது ஊசி இல்லை. போயிட்டு வான்னு சொல்லுது" என்று சிரித்துவிட்டு நடந்தாள்.