கிணறு சொன்ன நன்றி

ஊரில் கொள்ளைக் காய்ச்சல். "என்னைக் குடிச்சவங்கதான் சாகிறாங்க" என்று மடத்துக் கிணறு அழுதது.

பின்னாளில் பீர் காய்ச்சுவோரின் பாதுகாவல் புனிதர் ஆகப்போகிற துறவி ஒருவர், அந்தத் தண்ணீரை வாற்கோதுமையோடு கொதிக்கவைத்து, பீராக்கிப் பீப்பாயில் நிரப்பினார். "இனி எல்லாரும் இதையே குடிங்க" என்றார். சாவு நின்றது.

"என் பழியைத் துடைச்சிட்டீங்க பீப்பாய் அண்ணே, நன்றி" என்றது கிணறு.

"எனக்கெதுக்கு? எங்கிட்ட வர்றப்பவே நீ சுத்தமாத்தான் இருந்தே. கொதிக்கவச்ச அடுப்புக்குச் சொல்லு."

"நான் வெறும் கல்லுப்பா. எரிஞ்சது விறகு" என்றது அடுப்பு.

கிணறு விறகைத் தேடியது. அது சாம்பலாகி வாற்கோதுமை வயலுக்கு உரமாகப் போயிருந்தது.

மறுநாள் அந்த வயலுக்குத் தண்ணீர் இறைக்க வந்த துறவி, தளும்பத் தளும்ப நிறைந்த வாளி இத்தனை லேசாக மேலே வருகிறதே என்று வியந்தார்.