சுனில் சொன்ன பக்குவம்

ஆண்டர்சன்பேட்டை மருந்துக் கடை வாசலில், நடுவில் ஓட்டை வைத்த ரப்பர் மெத்தையை ஸ்டூல் மேல் போட்டு, சுனில் அதில் உட்கார்ந்து பார்த்தான். இடப்பக்கம் சாய்ந்தான். வலப்பக்கம் சாய்ந்தான். திருப்தியாகத் தலையாட்டினான்.

"இன்னாப்பா, மூலமா?" என்றார் கடைக்காரர் கோவிந்தன், மார்க்கெட்டுக்கே கேட்கும்படி.

"ஆமாண்ணே. ரொம்ப நாளா," என்றான் சுனில், முகத்தில் வலியை வரவழைத்துக்கொண்டு.

பக்கத்தில் நின்ற நளினிக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்டாட்டியின் மானத்தைக் காப்பாற்ற ஊரறிய மூலத்தை ஏற்றுக்கொள்ளும் புருஷன் எத்தனை பேருக்கு வாய்ப்பான்?

உண்மையில் அந்த மெத்தை, நளினிக்கு நடக்கப்போகும் ஆபரேஷனுக்காக. பெண்ணுறுப்பின் உள் இதழ்கள் அவளுக்குக் கொஞ்சம் நீளம். போன் கம்பெனியில் இறுக்கமான யூனிபார்ம் பேண்ட்டோடு ஷிஃப்ட் முழுக்க நின்று வேலை பார்த்ததில், உரசி உரசிப் புண்ணாகிவிட்டது.

"நீளமா இருக்கறது நோய் இல்லம்மா, நிறைய பேருக்கு அப்படித்தான்," என்றார் கம்பெனி லேடி டாக்டர். "ஆனா உனக்கு இவ்ளோ தொந்தரவுன்னா கொஞ்சம் கொறைச்சிக்கலாம்." இன்சூரன்ஸ் செல்லுபடியாகும் பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு எழுதியும் கொடுத்தார்.

இதை நளினி முதலில் சொன்னது ஓர்ப்படி வாணியிடம். யாரிடமும் சொல்வதில்லை என்று வாணி தன் பிள்ளை தலைமேல் அடித்துச் சத்தியம் செய்தாள்.

மறுநாள் குழாயடியில் நளினி குடத்தை வைத்ததும் பேச்சு நின்றது. "புண்ணு ஆறிச்சாம்மா?" என்று பரிவோடு விசாரித்தாள் சரோஜம்மா. அவள் நளினியிடம் பேசியே வருஷக்கணக்காகியிருந்தது. வாணியின் பிள்ளை மட்டும் பூரண ஆரோக்கியத்தோடு பள்ளிக்கூடம் போய் வந்துகொண்டிருந்தான்.

அதனால் சுனிலிடம் சொன்னபோது நளினி சத்தியம் கேட்கவில்லை. "இந்த வீட்டுல நம்பறதுக்கு எனக்கு இனிமே நீங்க ஒருத்தர்தான். நீங்களும் கவுத்துட்டீங்கன்னா, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்," என்று மட்டும் சொன்னாள்.

சுனில் வெளியே வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குள் திறந்தான்.

"மொத ரெண்டு மூணு நாள் நல்லா வீங்கிக்கும். இன்னாடா இது, முன்ன இருந்ததுக்கு இன்னும் பெருசாயிடுச்சேன்னு அழுவாத. அது தானா வடிஞ்சிடும். ஐஸைத் துணியில சுத்தித்தான் வெக்கணும். ஒண்ணுக்குப் போறப்ப எரியும். வெதுவெதுன்னு தண்ணி ஊத்திக்கினே போனா தெரியாது. அப்புறம் தொடைக்காத, ஒத்தி எடு. தையலைப் பிரிக்க வேணாம், அதுவே கரைஞ்சிடும்."

"துணி?"

"தொளதொளன்னு காட்டன் நைட்டி. டாக்டர் சொல்றவரைக்கும் ஸ்கூட்டி பக்கமே போவாத." கொஞ்சம் தயங்கினான். "நானும் ஒண்ணரை மாசம் உன் பக்கத்துல வரமாட்டேன்."

நளினி அவனையே பார்த்தாள். அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, கஞ்சியில் உப்பு போடலாமா என்று கேட்க அவளையே தட்டி எழுப்பியவன் இவன்.

"இதெல்லாம் யார்கிட்ட கேட்டீங்க? வாணிகிட்டயா?"

"நெட்டுல பாத்தேன்டி!" சுனிலின் குரல் உடைந்தது. "உனக்காக ஒக்காந்து படிச்சா, என்னையே சந்தேகப்படுறியே!"

வாணி செய்த துரோகத்துக்குப் புருஷனைத் தண்டிக்கிறோமே என்று நளினிக்கு வெட்கமாகிவிட்டது. அன்றைக்கு வீட்டில் கறிக்குழம்பு.

டாக்டரைப் பார்த்து ஆபரேஷனுக்கு நாள் வாங்க, இருவரும் காலை ரயிலில் பெங்களூர் போனார்கள். ஆஸ்பத்திரி முன்வாசலில் ஒரே கூட்டம். "இந்தப் பக்கம் வா," என்று சுனில் அவளைப் பக்கவாட்டுக் கதவு வழியாக அழைத்துப்போனான். கேன்டீனைத் தாண்டி, மருந்து ரூமைத் தாண்டி, மூலையில் ஆளில்லாத ஒரு லிஃப்ட் நின்றது. யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எப்டிங்க இவ்ளோ கரெக்டா வந்தீங்க?"

"ரத்தம்டி. எங்க தாத்தா சுரங்கத்துக்குள்ள லைட்டு அணைஞ்சி போயிக்கூட லெவல் லெவலா தடவிக்கினே, ஆளை மேல ஏத்துற கேஜுக்கு வந்து சேந்தவரு. அவரு பேரனுக்கு ஒரு லிஃப்ட்டு கண்டுபுடிக்கத் தெரியாதா?"

நளினியின் தாத்தாவும் சுரங்கத்துக்காரர்தான். ஆகவே அவளுக்கு இந்த விளக்கம் முழுக்க நியாயமாகப் பட்டது.

லிஃப்ட் மேலே போகும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களைப் போயி சந்தேகப்பட்டேன் பாருங்க. மனசுல வெச்சிக்காதீங்க."

"விடுடி," என்றான் சுனில் பெருந்தன்மையாக.

கதவு திறந்தது. ஊசி டிரேயோடு எதிரில் வந்த நர்ஸ் லூயிசா, சுனிலைப் பார்த்ததும் மலர்ந்து சிரித்தாள்.

"அட, வாங்க சார்! இது யாரு, தங்கச்சியா?"

சுனில் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தான். நளினி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் லூயிசா அடுத்ததைக் கேட்டுவிட்டாள்.

"ஆபரேஷன் முடிஞ்சி போனாங்களே, உங்க வீட்டுக்காரம்மா, இப்ப எப்டி இருக்காங்க?"