மழையில் ஒரு குறுக்கு வழி

"நிறுத்துங்கடா! முன்னாடி போலீஸ் நிக்குது!"

தலைவர் போட்ட பிரேக்கில், பின்னால் வந்த தையல்காரரின் வண்டி நூலிழையில் தப்பியது. அதற்கும் பின்னால் வந்த பல் டாக்டர் சாலையோரப் புல்லில் இறங்கி, ஒரு வட்டம் அடித்து, வந்த திசையைப் பார்த்தபடி நின்றார்.

மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. தூரத்தில் சாலை வளையும் இடத்தில் ஒரு போலீஸ்காரர் கையை நீட்டி வேன் ஒன்றை மறித்துக்கொண்டிருந்தார்.

மூவருக்கும் பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகம். எதற்கும் முந்திக்கொண்டு முன்னால் போய் நிற்பதால் அப்போதே ஒட்டிக்கொண்ட பெயர்தான் 'தலைவர்'. பைக்கில் ஊர் சுற்ற வேண்டும் என்று திட்டம் போட்டுப் போட்டே மூவருக்கும் முடி நரைத்துவிட்டது. ஒருவழியாகக் கிளம்பிய அன்றைக்குப் பார்த்து வானம் பொத்துக்கொண்டது.

"போலீஸ் நின்னா நமக்கென்ன? வண்டி புக் இருக்கு, ஹெல்மெட் இருக்கு, லைசென்ஸ் இருக்கு. வா, போவோம்" என்றார் தையல்காரர்.

தலைவர் அசையவில்லை.

"எனக்கு இல்லடா."

"என்ன இல்ல?"

"லைசென்ஸ். காருக்கு இருக்கு. பைக்குக்கு இல்ல."

"வீட்ல வச்சுட்டு வந்துட்டியா?"

"எடுக்கவே இல்லடா. காலேஜ் படிச்சப்போலேர்ந்து இப்படியேதான் ஓட்டிட்டிருக்கேன்."

டாக்டர் சிரித்த சிரிப்பில் அவருடைய ஹெல்மெட் கண்ணாடியில் ஆவி படிந்தது. "நீயா? உனக்கா லைசென்ஸ் இல்ல? அடப்பாவி!"

"சிரிக்காதடா. எட்டு போடுறப்போ, பத்து பேர் பாக்க நான் கால் ஊனிட்டேன்னா என் மானம் என்னத்துக்கு ஆகும்? நாளைக்குப் பாத்துக்கலாம், நாளைக்குப் பாத்துக்கலாம்னு தள்ளிப் போட்டுட்டேன்."

"சரி விடு. அபராதம் கேட்டா கட்டிட்டுப் போவோம்" என்றார் தையல்காரர்.

"உங்களுக்கு அபராதத்தோட போயிடும். எனக்கு வேலைக்கே உலை வச்சிடும். விஷயம் வெளிய தெரிஞ்சா ஊரே கைகொட்டிச் சிரிக்கும்டா."

டாக்டர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். இவ்வளவு பயந்து தலைவரை இருவரும் பார்த்ததே இல்லை.

வலது பக்கம் வயலுக்கு நடுவே ஒரு மண் பாதை இறங்கியது. தலைவர் அதைப் பார்த்தார்.

"எருமைகூட யோசிச்சுத்தான் இறங்கும்டா இதுல" என்றார் டாக்டர்.

"அந்தப் பக்கம் போய் ரோட்டுல ஏறிக்கலாம். வாங்கடா!"

தலைவர் சொல்லி யார் கேட்காமல் இருந்திருக்கிறார்கள்? இறங்கினார்கள்.

பயணத்துக்கென்று தையல்காரரே மூவருக்கும் அளவெடுத்து மழைக்கோட்டு தைத்திருந்தார். தையலில் குறை சொல்ல முடியாது. கழுத்து வழியாக உள்ளே போன தண்ணீர் ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை. அந்தக் கனத்தோடு ஆடி ஆடிப் போன தலைவரின் வண்டி, பாதை வரப்பாகக் குறுகிய இடத்தில் வழுக்கிச் சேற்றில் பாதிச் சக்கரம் வரை இறங்கிவிட்டது.

"நான் தள்றேன், நீ முறுக்கு!" என்று டாக்டர் பின்னால் போனார்.

தலைவர் முறுக்கினார். சக்கரம் சுற்றியது. வண்டி நகரவில்லை, சேறு நகர்ந்தது. வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்த பல் டாக்டருக்கு முப்பத்திரண்டு பல்லும் ஒரே நிறமாகிவிட்டன.

"தலைவா... வர்றான்டா!" தையல்காரர் கிசுகிசுத்தார்.

அந்தப் போலீஸ்காரர் தன் பைக்கில் வரப்பின் மேல் குலுங்கிக் குலுங்கி வந்துகொண்டிருந்தார். தலைவர் சட்டென்று ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

வந்தவர் சின்ன வயதுக்காரர். வண்டியை நிறுத்தி இடுப்பில் கை வைத்தார்.

"ஏங்க, முன்னாடி தரைப்பாலம் முங்கிடுச்சு. வர்ற வண்டியையெல்லாம் பக்கத்து ரோட்டுல திருப்பி விடத்தான் நான் அங்க நிக்கிறேன். நல்ல தார் ரோடு இருக்க, நீங்க எதுக்கு வயல்ல இறங்குனீங்க?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சும்மா... பச்சைப் பசேல்னு இருக்கேன்னு..." என்றார் டாக்டர், சேற்றைத் துப்பியபடி.

போலீஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டு, பேன்ட்டை மடித்துவிட்டுச் சேற்றில் இறங்கினார். நாலு பேரும் சேர்ந்து ஒரே தள்ளு. வண்டி மேலே ஏறியது. தலைவர் கீழே உட்கார்ந்தார்.

"அடி ஒண்ணும் படலையே? முதல்ல இதைக் கழட்டுங்க, மூச்சு முட்டிடும்" என்ற போலீஸ்காரர், தலைவர் வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டுவதைப் பொருட்படுத்தாமல், தானே ஹெல்மெட்டை உருவினார்.

தலைவரின் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் பேயறைந்தது போலாகிவிட்டது.

தொலைந்தோம், ஆளைக் கண்டுபிடித்துவிட்டான் என்று தலைவர் நினைத்தார். "தம்பி, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க..." என்று ஆரம்பித்தார்.

போலீஸ்காரர் அதற்குள் சேற்றுக் கையாலேயே ஒரு சல்யூட் வைத்து, தன் பைக்கைத் தன் முதுகால் மறைத்துக்கொண்டு, அழாத குறையாகச் சொன்னார்:

"நீங்க ஒண்ணும் கேக்க வேணாம், நானே ஒத்துக்கிறேன்யா! லைசென்ஸ் ஆபீஸ்ல உங்ககிட்ட டெஸ்ட்டுக்கு வந்த மூணு தடவையும் எட்டு போடத் தெரியலைன்னு என்னை ஃபெயில் பண்ணிட்டீங்க... லைசென்ஸ் இல்லாமத்தான் இந்த வண்டியை ஓட்டிட்டு வந்தேன். இன்ஸ்பெக்டர் ஐயா, பெரிய மனசு பண்ணி இந்த ஒரு தடவை என்னை விட்டுடுங்கய்யா!"