குறைக்குக் கட்டம் இல்லை

"பாரதிக்குப் பாகு பதமே தெரியல மேடம். போன வாரம் அவ புடிச்ச உருண்டையக் கடிச்சி என் பல்லே ஆடிப்போச்சி. அவள அடுப்புப் பக்கமே விடாதீங்க!"

குழுத் தலைவி கலைச்செல்வி இப்படிப் போட்டு உடைத்ததும், ஷெட்டுக்குள் இருந்த அத்தனை தலையும் பாரதி பக்கம் திரும்பியது.

ஜினப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. செஞ்சி மகளிர் கடலை உருண்டைக் குழுவுக்கு அவள்தான் ஒருங்கிணைப்பாளர். விழுப்புரத்தில் பயிற்சி முடித்துவிட்டு வந்து, அடுத்த வருஷத்துக்குத் திட்டம் போட ஆசை ஆசையாய்க் கூட்டிய கூட்டம் இது. சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டில் பலம், வாய்ப்பு, ஆசை, பலன் என்று நான்கே கட்டங்கள். குறைக்குக் கட்டமே கிடையாது. குறையைத் தோண்டினால் சோர்வுதான் வரும், பலத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கள் என்று பயிற்சியில் சொன்னதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தாள்.

கலைச்செல்வி வாயைத் திறக்கும்வரை எல்லாம் ஜோராகத்தான் போனது.

"நமக்கு இன்னா வாய்ப்பு இருக்குது, சொல்லுங்க?" என்று ஜினப்பிரியா கேட்டதும் ராஜாம்பாள் முந்திக்கொண்டாள்.

"கோட்டைக்கு இப்ப வெளியூரு ஜனம் கும்பல் கும்பலா வருது மேடம். ராஜகிரி ஏறி எறங்குனா பசிக்குமில்ல? அப்ப நம்ம உருண்டைய நீட்டணும்!"

எல்லோரும் சிரித்தார்கள். கோட்டைப் பக்கத்துக் கடைகளுக்குச் சரக்கு போடுவது என்று முடிவானது. கடைக்காரர்களிடம் பேசும் பொறுப்பு ராஜாம்பாளுக்கு. அவள் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் சரி சொல்லித்தான் தப்பிக்க வேண்டும்.

பாரதியின் பலம் என்ன என்றதும் நாலைந்து குரல் ஒன்றாக எழுந்தது. "பாகு கிண்டறதுல அவள அடிச்சிக்க ஆளே இல்ல!"

ஜினப்பிரியா அதைக் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

"அப்ப பெரிய அடுப்பு பாரதிக்குத்தான். இனிமே ரெண்டு மடங்கு சரக்கு. வெல்ல மூட்ட எறக்கறதுலேர்ந்து பாகு எடுக்கற வரைக்கும் அவ பொறுப்பு. கை தட்டுங்க!"

அந்தக் கைத்தட்டல் ஓய்வதற்குள்தான் கலைச்செல்வி எழுந்து தன் பல் ஆடிய கதையைச் சொன்னாள்.

"கலைக்கா, இங்க யாரும் யாரையும் குறை சொல்லக்கூடாதுன்னு சொன்னேன்ல?"

"பல்லு ஆடுனா அதையும் பலம்னு எழுதிக்கணுமா மேடம்?"

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பார்கள். "பொறாம... வேற இன்னா?" என்று ராஜாம்பாள் முணுமுணுத்தது எல்லோர் காதிலும் விழுந்தது.

பாரதி தலையை நிமிர்த்தவில்லை. "அக்கா சொல்றது நெசந்தான் மேடம். நான் பேக்கிங்ல ஒக்காந்துக்கறேன்."

பாவம், மனசு நொந்துபோய்ப் பேசுகிறாள் என்று ஜினப்பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டத்தை அவசரமாக முடித்துவிட்டு, இரண்டு பேரை மட்டும் இருக்கச் சொன்னாள்.

"பாரதி, நீ ஒண்ணும் கவலப்படாத. நாளைக்கே அடுப்பு உன்னுதுதான். கலைக்கா, நீங்க இவகிட்ட மன்னிப்பு கேளுங்க."

"மாட்டேன்."

"அப்ப தலைவியா வேற ஆளத்தான் போடணும்."

குழு ஆரம்பித்த நாளிலிருந்து கலைச்செல்விதான் தலைவி. பேங்க்குக்குப் போனால் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறவள். அவள் சண்டைக்கு வருவாள் என்றுதான் ஜினப்பிரியா எதிர்பார்த்தாள்.

"போட்டுக்குங்க மேடம். ஆனா அடுப்புக்கு மட்டும் அவ வேணாம்." டிபன் பாக்ஸைக் கூடைக்குள் வைத்துக்கொண்டு கலைச்செல்வி வாசலைப் பார்த்து நடந்தாள்.

பதவியே போனாலும் பரவாயில்லை, அடுத்தவள் நன்றாக இருக்கக்கூடாது என்று ஒருத்தி நினைப்பாளா? ஜினப்பிரியாவுக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"அக்கா, போவாதீங்க!" என்று பாரதி அவள் பின்னாலேயே ஓடினாள்.

"ஏய், ஓடாதடி! மெதுவா!" கலைச்செல்வி பதறிப்போய்த் திரும்பி வந்து அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிடறேன்க்கா. என்னால உங்களுக்கு இந்தக் கெட்ட பேரு வேணாம்."

"வாய மூடு. மூணு மாசம் முடியாம மூச்சு விடக்கூடாதுன்னு உங்க அத்த சொல்லல?"

ஜினப்பிரியா கையிலிருந்த ஸ்கெட்ச் பேனாவை மேஜையில் வைத்தாள். பாரதியின் கண்ணில் தண்ணீர், உதட்டில் வெட்கம்.

"ஏற்கெனவே ரெண்டு தடவ தங்கல மேடம். இந்தத் தடவ அனல்ல நிக்காத, வெயிட்டு தூக்காதன்னு டாக்டரம்மா கண்டிசனா சொல்லிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தது அக்காதான். அடுப்பு வேணாம்னு நானே சொன்னா ஏன்னு கேப்பாங்க. இன்னான்னு சொல்றது?"

ஜினப்பிரியா சந்தோஷமாக அவர்கள் பக்கத்தில் வந்தாள். பாரதியின் கையைப் பிடித்துக்கொண்டு, கலைச்செல்வியைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அந்தப் பல்லு ஆடுனது?"

"சும்மா சொன்னேன். இவ எடுக்கற பாகுக்கு இந்த ஜில்லாவுலயே ஈடு கெடையாது" என்று கலைச்செல்வி பெருமூச்சு விட்டாள். "ஆனா நல்லாப் பண்றான்னு சொன்னாலே நீங்க அவ தலையில மூட்டையத் தூக்கி வெச்சிடறீங்களே மேடம்! குறை சொல்லாம நான் எப்பிடி அவள ஒக்கார வெக்கறது?"