நாலில் ஒன்று

துடியலூரில் ஒரு பள்ளி வாசல். வேப்பமரத்தடியில் வெயில் பொட்டுப் பொட்டாய் விழுகிறது. ஒன்றாம் வகுப்புத் திறனறித் தேர்வு முடிந்து வந்த மகள் தன்ஷிகாவை மடியில் இருத்தி, விடைத்தாளின் வட்டங்களை நிரப்பிக் கறுத்துப்போன விரல்களை முந்தானையால் துடைக்கிறாள் புவனா. கறுப்பு போகவில்லை. சுற்றிலும் பெற்றோர்கள் உரக்கக் கேள்விகளை அலசிக்கொண்டிருக்கிறார்கள். பிரித்த பிஸ்கட்டைப் பிள்ளை தொடவில்லை. முகம் சுண்டிக் கிடக்கிறது. “எங்க வலிக்குது கண்ணு?” என்கிறாள் புவனா. “ஆப்ஷன் சொல்லுங்கம்மா.” தினமும் மாதிரித் தேர்வு வைத்துப் பழகிய புவனாவின் வாய் தானாகவே அடுக்குகிறது: “தலையா, வயிறா, கையா, காலா?” பிள்ளை இமைக்காமல் அம்மாவின் முகத்தையே பார்க்கிறாள். “இதுல எதுங்கம்மா கரெக்ட்டு?”