ஒரு படம் போதும்

"போச்சு! மறுபடியும் அப்படியே நின்னுடுச்சு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் விஞ்ஞானி அம்மா.

ஆய்வுக்கூட வாசலில் தோள்பையுடன் நின்றிருந்த நெட்டை மனிதர் உள்ளே எட்டிப் பார்த்தார். "என்ன மேடம் ஆச்சு?"

"வாங்க வாங்க! கம்ப்யூட்டர் பிரிவுலேர்ந்து ஒரு ஆள் வர இவ்வளவு நேரமா?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா விட்டால்தானே!

"மீன் கருவுல இதயம் எப்படித் துடிக்க ஆரம்பிக்குதுன்னு மைக்ராஸ்கோப்புல எடுத்த படங்க. ஒரே ஃபைல்ல ஆயிரக்கணக்குல இருக்கு. மதியம் ஆய்வை மதிப்பிட வர்ற குழுவுக்குக் காட்டலைன்னா என் ஆராய்ச்சியையே மூடிடுவாங்க. ஃபைலைத் திறந்தாலே மெமரி நிரம்பி மெஷின் படுத்துடுது."

"ஒரு நேரத்துல எத்தனை படம் பார்ப்பீங்க?"

"ஒண்ணுதான்."

"அப்புறம் எதுக்கு அத்தனையையும் மெமரியில ஏத்துறீங்க? ஒரு சட்டை எடுக்க பீரோவையே கட்டில்ல கவுத்த மாதிரி இருக்கு!"

அம்மாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நாற்காலியை விட்டுக்கொடுத்தார்.

நெட்டை மனிதர் அந்தப் பழைய கம்ப்யூட்டரையும் அம்மாவின் வாடிய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பெருமூச்சு விட்டபடி உட்கார்ந்து மளமளவென்று தட்ட ஆரம்பித்தார்.

"ஃபைல் பாட்டுக்கு டிஸ்க்லயே கிடக்கட்டும். எந்தப் படம் எங்க ஆரம்பிக்குதுன்னு மட்டும் புரோகிராமுக்குத் தெரிஞ்சா போதும். நீங்க கேக்குற படம் மட்டும் வரும். அடுத்தது வந்ததும் முன்னது இடத்தைக் காலி பண்ணிடும்."

"இதே ஓட்டை கம்ப்யூட்டர்லயா?"

"இதுவே தாராளம். இப்ப நகர்த்திப் பாருங்க."

அம்மா மவுஸை நகர்த்தினார். படங்கள் தங்குதடையின்றி ஓடின. கருவுக்குள் அந்தக் குட்டி இதயம் ஒருமுறை சுருங்கியது. கொஞ்சம் தயங்கியது. மறுபடியும் சுருங்கியது.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. காலையிலிருந்து அழவைத்த மெஷினை அரை மணி நேரத்தில் வழிக்குக் கொண்டுவந்துவிட்டாரே, என்ன மூளை இந்த மனுஷருக்கு!

"சார், உங்களைக் கையெடுத்துக் கும்பிடணும்! உங்க மேலதிகாரி யாரு? இப்பவே கூப்பிட்டு உங்களைப் பத்தி ரெண்டு வார்த்தை பெருமையா சொல்றேன்."

நெட்டை மனிதர் பதறிப்போய் எழுந்தார்.

"ஐயையோ, வேண்டாம் மேடம்! தெரிஞ்சா என் வேலையே போயிடும். பெரிய மெமரி கம்ப்யூட்டர் ஒண்ணை எப்படியாவது உங்க தலையில கட்டிட்டு வான்னுதான் எங்க கம்ப்யூட்டர் கடை முதலாளி என்னை அனுப்பியிருக்காரு!"