பங்கருக்குள் நித்திரை

ஷெல்லடியில் செத்தவர்களின் கதையைக் கேட்டுக்கொண்டே இவனுக்கு எப்படி வடை தொண்டையில் இறங்குகிறது?

சிவசோதிக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பொறுத்துக்கொண்டாள்; போரால் தூக்கம் இழந்தவர்களுக்கு மனவுறுதிப் பயிற்சி தயாரிப்பதாகச் சொல்லித்தான் ஜெகதீஷ் போருக்குப் பிறகு அவள் புலம்பெயர்ந்து குடியேறிய பிளாக்டவுன் வீட்டுக்கு வந்திருந்தான்.

"அந்தப் பதுங்கு குழி, பங்கருக்குள்ள எப்படித் தூங்கினீங்க ஆன்ட்டி?"

"மகளின்ர மூச்சை எண்ணுவன். நூறுக்குள்ள ரெண்டு பேருக்கும் நித்திரை வந்திடும்."

"சூப்பர்! இதையே இன்னொரு தடவை சொல்லுங்க, ரெக்கார்ட் பண்ணிக்கிறேன். பாவம், வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போனாலும் அவங்களுக்குத் தூக்கமே வர்றதில்ல."

"அகதியா வந்த பிள்ளையளோ?"

"இல்ல ஆன்ட்டி, ராணுவம். ஆபீஸ்ல உட்கார்ந்தே ட்ரோன்ல குண்டு போடுறவங்க."

சிவசோதி சேலையில் குத்தியிருந்த மைக்கைக் கழற்றி அவன் முன்னால் வைத்தாள்.

"அவையள் முழிச்சே இருக்கட்டும், தம்பி."